சிறு படகின் சீர்திருத்தம்

கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல்லை ஐரோப்பியர் தம் மொழிகளுக்கு எடுத்துச் சென்று நெடுங்காலமாயிற்று. இன்று அச்சொல், இரண்டு உடல்களை இணைத்துச் செய்யப்படும் பயணக் கப்பல்களுக்கும் உல்லாசப் படகுகளுக்கும் உலகெங்கும் பெயராக வழங்குகின்றது. சொல் சென்ற தூரம் பெரிது. ஆயின் அச்சொல்லுக்குரிய பொருளிடத்தே இருந்த தலையாய குணம் ஒன்று அதனோடு செல்லவில்லை. மரங்களைக் கயிற்றாற் பிணைத்த அந்த மிதவையை எந்த அலையாலும் மூழ்கடிக்க முடியாது. அது புரளலாம், மேலே இருந்தவன் நீரில் வீழலாம், ஆனால் வீழ்ந்தவன் கைநீட்டிப் பற்றிக்கொள்ள மரம் மேலே மிதந்துகொண்டிருக்கும். பலகை தைத்த வள்ளமும் அவ்வாறே. நீர் நிரம்பினாலும் அது கடலின் அடிக்குச் செல்வதில்லை.

இன்று நமது வடகரையில், பருத்தித்துறை தொடங்கிக் குருநகர், மன்னார்வரையில், கரையேற்றி வைக்கப்பட்டிருக்கும் கலங்களிற் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகள். பின்பலகையிலே வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று தொங்கும். இவை இலேசானவை, விரைந்து செல்பவை, உளுக்காதவை, தச்சனை அடிக்கடி தேடவேண்டாதவை. ஆனால் கண்ணாடியிழை நீரிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. உள்ளே காற்று இருக்கும்வரையிலேயே அப்படகு மிதக்கும். காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், படகு கல்லைப்போல் ஆழ்ந்துவிடும். நாம் பெற்றது வேகம். அதற்குக் கொடுத்த விலை இது. கொடுத்ததை மீளப் பெறுவதற்கு வழி உண்டு. அதனைப் படகுக்குரியவன் தன் கையாலேயே செய்துகொள்ளலாம். அவ்வழியையும், அதனோடு சேர்ந்த வேறு சில கைவேலைகளையும் பற்றியதே இக்கட்டுரை.

நம் நாட்டில் 1950களின் பிற்பகுதியிலே மீன்பிடிக் கலங்களை இயந்திரமயமாக்கும் திட்டம் தொடங்கியபோது, டீசல் இயந்திரத்தை உள்ளே பொருத்திய 28 அடிப் படகுகள் அறிமுகமாயின. 1967ஆம் ஆண்டு நோர்வே நாட்டவரின் உதவியோடு சீநோர் நிறுவனம் உருவாயிற்று. காரைநகரில் அது நடத்திய படகுத் தளம் கண்ணாடியிழைப் படகுகளை நம்மவர் கைகளுக்குப் பழக்கிற்று. இதில் ஒரு பொருத்தம் உண்டு. வெளியிணைப்பு இயந்திரத்தை வெற்றிகரமான விற்பனைப் பொருளாக 1909ஆம் ஆண்டு அமெரிக்காவிலே கொண்டுவந்தவரான ஓலே எவின்ரூட் என்பவரும் நோர்வேயிற் பிறந்தவரே. ஏரி ஒன்றைத் துடுப்பால் வலித்துக் கடந்து ஐஸ்கிறீம் வாங்கி வருவதற்குள் அது உருகிப்போயிற்றாம். அந்த எரிச்சலிலே பிறந்தது இயந்திரம் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எப்படியாயினும், இருவர் தூக்கிச் சென்று எந்தப் படகின் பின்பலகையிலும் மாட்டிவிடக்கூடிய இயந்திரம் என்பது கடற்றொழிலில் ஒரு புரட்சியாகவே அமைந்தது. யமஹா நிறுவனம் தன் முதலாவது வெளியிணைப்பு இயந்திரத்தை 1960ஆம் ஆண்டு வெளியிட்டது. பின்னர் அப்பெயர் நம் கரையோரங்களிலே இயந்திரம் என்பதற்கே மறுபெயர்போல ஆகிவிட்டது.

படகைத் திருத்துவது என்றதும் நம்மவருக்கு முதலில் தோன்றும் எண்ணம், எட்டுக் குதிரைவலுவைக் கழற்றிவிட்டுப் பதினைந்தை மாட்டுவது. பதினைந்து இருந்தால் இருபத்தைந்தை விரும்புவது. இது பெரும்பாலும் வீண் எண்ணம் என்பதே என் கருத்து. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியதை நம் தொழிலாளர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டிலே இயந்திரம் சிறிதாக இருந்தவன் கொஞ்சமாவது கடலுக்குப் போனான். எண்ணெயை விழுங்குவது இயந்திரம் மட்டுமன்று. படகின் பாரம், அதன் இருப்பு, அதன் அடிப்பாகம், நீரைத் தள்ளும் விசிறி ஆகிய யாவும் சேர்ந்தே விழுங்குகின்றன.

முதலில் வேகத்தைப் பற்றி ஒரு சொல். படகு நீரைப் பிளந்து செல்லும்போது அணியத்திலே ஓர் அலையை எழுப்புகின்றது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு நிலையில் அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேலும் விரைய முயன்றால் படகு, தான் எழுப்பிய அலையின் முதுகிலே அணியத்தை வைத்துக்கொண்டு, பள்ளத்திலே பின்புறத்தை வைத்துக்கொண்டு, ஓயாமல் மலையேறுகின்றவனைப்போல் உழைக்கின்றது. 19ஆம் நூற்றாண்டிலே வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் நீண்ட நீர்த்தொட்டியில் மாதிரிக் கலங்களை இழுத்து இவ்வியல்புகளை அளந்து காட்டினார். வேலைக்கு உதவும் கணக்கு மிகச் சுலபமானது. படகு நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால், அந்த மலையேற்றம் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கடல்மைல் என வரும். 16 அடி நீர்மட்ட நீளமுள்ள படகுக்கு வர்க்கமூலம் 4. வேகம் ஏறத்தாழ 5.4 கடல்மைல்.

இலேசான படகு, போதிய வலுவுள்ள இயந்திரம் என்றால், அந்த அலையைத் தாண்டி நீரின் மேலே வழுக்கிச் செல்லத் தொடங்கும். வெறும் படகாகக் கடலுக்குப் போகும்போது அது சரி. வலையும் ஐஸும் மீனும் ஏற்றித் திரும்பும்போது பல படகுகளுக்கு அந்த வலு போதாது. அப்போதும் கைப்பிடியை முற்றாக முறுக்கி வைத்திருப்பவன், அலையை உயர்த்துவதற்காகவே எண்ணெயை எரிக்கின்றான். கரை ஒன்றும் அவனுக்கு விரைந்து அருகில் வருவதில்லை. நீரைக் கிழித்துச் செல்லும் நிலையிலே, தேவைப்படும் வலு வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறுகின்றது என்று கொள்ளலாம். வேகத்தைப் பத்திலொரு பங்கு குறைத்தால், ஒரு மணித்தியாலத்துக்கு எரியும் எண்ணெயில் நாலிலொரு பங்குக்கு மேலும், அதே தூரத்துக்கு எரியும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கும் மிஞ்சும். இதற்காகச் செய்யவேண்டிய திருத்தம் யாதெனின், ஒரு துளி வர்ணம். பாரத்தோடு வரும்போது எந்த முறுக்கில் பின்னலை அடங்கி ஓடுகின்றதோ, அந்த இடத்திலே கைப்பிடியில் ஒரு கோடும் அதற்கு எதிரே தண்டில் ஒரு கோடும் தீட்டிவிட வேண்டியதுதான். இருட்டிலும் கைக்குத் தெரியவேண்டுமானால் கோட்டின் மேல் நூலைச் சுற்றி ஒட்டலாம்.

இனி, படகின் இருப்பு. இயந்திரம் பின்னே, அதை ஓட்டுபவன் பின்னே, எண்ணெய்த் தாங்கியும் அவன் காலடியிலே. ஆகவே அணியம் வானத்தைப் பார்க்கின்றது. முன்னே மிதக்கும் மரக்கட்டையோ வலையோ ஓட்டுபவனுக்குத் தெரிவதில்லை. "தம்பி, நீ அணியத்துக்குப் போய் இரு" என்று பெரியவர் பையனை முன்னே அனுப்புவது நம் படகுகளிலே வழக்கம். பையன் பாரமாகப் போகின்றான். அலை அடித்தால் முதலில் நனைபவனும் அவனே. அவனை அனுப்புவதற்குப் பதிலாக எண்ணெய்த் தாங்கியை நடுவுக்கு நகர்த்தலாம். வேண்டியது நீளமான, எண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட றப்பர்க் குழாய் மட்டுமே. தாங்கி உருளாதபடி அடியில் இரண்டு சட்டங்களைப் பதித்து வாரால் இறுக்கிவிட வேண்டும்.

அதனோடு ஓட்டுபவனும் முன்னே வரலாம். கடைகளில் எஸ்லோன் என்று வழங்கும் பிளாஸ்டிக் நீர்க்குழாயில் இரண்டரை அடித் துண்டு ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையில் நான்கு வெட்டுகள் இட்டு, இயந்திரக் கைப்பிடியின் மேல் இறுக்கமாக ஏற்றி, குழாய் இறுக்கும் வளையம் இரண்டால் பூட்டிவிட்டால், நீண்ட கைப்பிடி ஆயத்தம். திருப்பவும் முறுக்கவும் அதுவே போதும். குழாயின் உட்குறுக்களவு கைப்பிடிக்குப் பொருந்துவதாக இருக்கவேண்டும். தளர்ந்து சுழலும் குழாய், இல்லாத குழாயிலும் கேடானது. இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது படகின் விளிம்பில் முட்டாத நீளமே சரியான நீளம். இந்த ஒரு துண்டுக் குழாயினால் எழுபது கிலோ மனிதன் ஒருவன் இரண்டடி முன்னே வருகின்றான், அணியம் தாழ்கின்றது, பார்வை திறக்கின்றது. படகிற் செய்யக்கூடிய திருத்தங்களில் இத்துணைச் செலவில் இத்துணைப் பயன் தருவது வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

இயந்திரத்தைத் தாங்கும் பிடியிலே வரிசையாகச் சில துளைகளும், அவற்றில் ஒன்றில் ஓர் ஊசியும் இருக்கக் காணலாம். கடையிலிருந்து வந்த நாளிலிருந்து அவ்வூசியை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். அதனைப் பின்பலகைக்கு அண்மையான துளைக்கு மாற்றினால் அணியம் தாழும். தூரத் துளைக்கு மாற்றினால் உயரும். அமைதியான ஒரு காலையில் ஒவ்வொரு துளையிலும் வைத்து ஓட்டிப் பார்த்தால், எதிலே படகு கிடையாகச் செல்கின்றது என்பது தெரியும்.

இயந்திரத்தின் உயரமும் இவ்வாறு கவனிக்கப்படாத ஒன்று. விசிறிக்கு மேலே காலின் இருபுறமும் அகன்று நிற்கும் தட்டு ஒன்று உண்டு. அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, ஓர் அங்குலம் தாழ்வாகவோ இருக்கவேண்டும். அதிலும் தாழ்ந்தால் இயந்திரத்தின் கால் நீரில் வீணாக இழுபடும். உயர்ந்தால் விசிறி மேலிருந்து காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும். நேரான சட்டம் ஒன்றைப் படகின் அடியோடு சேர்த்துப் பிடித்துப் பின்னே நீட்டினால் ஒரு நிமிடத்தில் நிலைமை விளங்கிவிடும். இயந்திரங்கள் 15 அங்குலப் பின்பலகைக்கும் 20 அங்குலப் பின்பலகைக்கும் என இரு கால் நீளங்களில் வருகின்றன. குறும்பலகையில் நெடுங்கால் இயந்திரத்தை மாட்டி ஓட்டுவோர், ஐந்து அங்குல இரும்பை நாள்தோறும் கடலில் இழுத்துக்கொண்டு போகின்றனர். பலகையின் மேல் வன்மரத் துண்டு ஒன்றை, உள்ளும் புறமும் சட்டம் வைத்துப் போல்ற்றால் இறுக்கி, உயரத்தைச் சரிசெய்யலாம்.

விசிறியைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் தனிக் கட்டுரையாகும். சுருங்கச் சொன்னால், அது நீரிலே திருகப்படும் ஒரு திருகாணி. ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பது அதன் உடலிலே பொறிக்கப்பட்டிருக்கும். 10 அங்குல விசிறி நிமிடத்துக்கு 2,500 முறை சுழன்றால் 25,000 அங்குலம் முன்னேற வேண்டும். அது மணிக்கு ஏறத்தாழ 20 கடல்மைல். ஆனால் நீர் மரமன்று, திருகாணி வழுக்கும், பாரம் கூடினால் மேலும் வழுக்கும். பாரமேற்றும் படகில் ஏற்றம் மிகுந்த விசிறியைப் பூட்டினால் இயந்திரம் தன் உரிய சுழற்சியை எட்டமுடியாமல் திணறும், கரி படியும், சூடேறும். மேட்டிலே உயர்ந்த கியரில் லொறியை ஏற்றுவதுபோன்ற வேலை அது. ஏற்றத்தை ஓர் அங்குலம் குறைத்தால் இயந்திரச் சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 கூடும். நுனி மடிந்த, விளிம்பு உடைந்த விசிறியை அரத்தால் ஒழுங்குசெய்வது நல்லதே. ஆனால் மூன்று இதழ்களும் ஒரே அளவாக அமையவேண்டும், அல்லது அதிர்வினால் உள்ளே உள்ள தாங்கிகள் தேயும்.

நாள்தோறும் கரையேற்றப்படும் படகின் அடியில் அதிகம் ஒன்றும் ஒட்டுவதில்லை. களப்பிலே நங்கூரமிட்டுக் கிடக்கும் படகுக்கோ பாசியும் கொட்டலசும் சில கிழமைகளிலேயே தாடிபோல் வளர்ந்துவிடும். அதற்குரிய செம்பு கலந்த வர்ணத்தைப் பூசுவோர் ஒன்றை மறக்கலாகாது. அதனை அலுமினிய இயந்திரக் காலுக்கும் பூசிவிடுகின்றனர் சிலர். கடல்நீரில் செம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். இதன் அடிப்படை விளங்குவதற்கு இருநூறு ஆண்டுகள் பின்னே செல்லவேண்டும்.

பிரித்தானியக் கடற்படை தன் மரக்கப்பல்களின் அடியைச் செப்புத் தகட்டால் மூடியிருந்தது. அத்தகடுகள் கடல்நீரில் அரிந்து போகவே, காரணம் காணும்படி விஞ்ஞானி ஹம்பிரி டேவியைக் கேட்டனர். 1824ஆம் ஆண்டு அவர், செம்போடு சிறிதளவு நாகத்தையோ இரும்பையோ தொடுத்து வைத்தால் அவ்வுலோகமே அரிந்து செம்பைக் காப்பாற்றும் என்று செய்து காட்டினார். விஞ்ஞானம் பிழைக்கவில்லை, செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கப்பலடியிற் பாசியும் சிப்பியும் செழித்து வளர்ந்தன. செம்பு சிறிது சிறிதாகக் கரைவதனாலேயே அவை ஒட்டாமல் இருந்தன என்பதும், கரைவது நின்றதும் அந்த நஞ்சும் நின்றது என்பதும் பின்னரே விளங்கின. கடற்படை அத்திட்டத்தைக் கைவிட்டது. டேவியின் நாகத் துண்டு ஆனால் மறையவில்லை. இன்று ஒவ்வொரு வெளியிணைப்பு இயந்திரத்தின் காலிலும் அது, அல்லது அதன் இனத்ததான வேறோர் உலோகக் கலவை, அமர்ந்திருக்கின்றது. தான் அழிந்து இயந்திரத்தைக் காக்கின்றது. பாதி கரைந்ததும் புதியதை மாற்றுவது பத்து நிமிட வேலை. அழகுக்காக அதன் மேல் வர்ணம் பூசுவோர் உண்டு. வர்ணம் பூசிய நாகம் ஒன்றையும் காக்காது.

கண்ணாடியிழைப் படகு உளுக்காதது என்றேன். அதிலே ஒரு விலக்கு உண்டு. பல படகுகளின் பின்பலகையில், இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே ஒட்டுப்பலகை வைக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தைப் பூட்ட இட்ட துளைகளின் வழியே நீர் கசிந்து அப்பலகையை உள்ளுக்குள்ளே உக்கச் செய்யும். வெளியே ஒன்றும் தெரியாது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டு போனால், நல்ல இடம் கணீரென்றும் உக்கிய இடம் தேங்காய் மட்டையைத் தட்டியதுபோல் மந்தமாகவும் ஒலிக்கும். புதுத் துளையிடுவோர் வேண்டியதிலும் பெரிதாகத் துளைத்து, அதனை எபொக்சிப் பசையால் முற்றாக நிரப்பி, அது இறுகியபின் நடுவே சரியான அளவில் மறுபடி துளைத்தால், நீருக்கும் மரத்துக்கும் இடையே ஒரு சுவர் அமைந்துவிடும். இயந்திரத்தைப் படகோடு தனியாக ஒரு கறையில் உருக்குச் சங்கிலியாற் பிணைத்து வைப்பதும் நன்று. பிடி தளர்ந்து இயந்திரம் ஆழத்தில் விழுந்தால் கடன்தான் மிதக்கும்.

எண்ணெயைப் பற்றியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மண்ணெண்ணெயும் பெற்றோலும் நீரிலும் இலேசானவை. ஆகவே தாங்கிக்குள் புகுந்த நீர் அடியிலே தங்கும். அதையே இயந்திரம் முதலில் உறிஞ்சும். வாடைக்காற்றிலே கரைக்கு ஐந்து மைல் தூரத்தில் இயந்திரம் நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரு கரண்டி நீரே போதிய காரணம். கண்ணாடிபோன்ற கிண்ணமுள்ள வடிகட்டி ஒன்றைத் தாங்கிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலே பொருத்தினால், நீர் கிண்ணத்தின் அடியிற் கண்ணுக்குத் தெரியும். பெற்றோலில் ஏவி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களைக் கரைசேருமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி நிறுத்தவேண்டும். அல்லாவிடின் மறுநாள் விடியற்காலையில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓயும். மாற்றும் திருகைக்கு இரு நிறம் தீட்டுங்கள். வேலை முடிந்ததும் நன்னீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள்.

இதுவரை சொன்னவை எண்ணெயையும் இயந்திரத்தையும் காப்பன. இனிச் சொல்வன ஆளைக் காப்பன. இயந்திரத்திலே சுருள் கயிறு ஒன்று செருகப்பட்டு வரும். அதன் மறுமுனையை ஓட்டுபவன் தன் உடலோடு பிணைத்திருந்தால், அவன் நீரில் விழுந்த கணமே செருகி கழன்று இயந்திரம் நின்றுவிடும். பிணைக்காதவன் விழுந்தால் என்ன நிகழும்? கைவிடப்பட்ட கைப்பிடி ஒரு பக்கமாகத் திரும்பும். ஆளில்லாத படகு வட்டமிடும். வட்டம் அவன் கிடக்கும் இடத்துக்கே திரும்பிவரும், சுழலும் விசிறியோடு. அமெரிக்காவிலே 26 அடிக்குக் குறைந்த படகுகளை ஓட்டுவோர் இத்தகைய கயிற்றை அல்லது அதற்கு ஈடானதைப் பூணவேண்டும் என்று 2021ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் படகுகளிற் பல, அந்தச் செருகியை ஒரு துண்டுக் கயிற்றால் நிரந்தரமாகக் கட்டிவிட்டு ஓடுகின்றன. வலை இழுக்கும்போது கயிறு சிக்குகின்றது என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அது பொய்யன்று. கயிற்றை மணிக்கட்டில் அல்லாமல் அரையிற் கட்டி, நீளத்தை ஒரு முழம் கூட்டி, வலை இழுக்கும் நேரத்தில் மட்டும் கழற்றிவிட்டு, ஓடும்போது மறுபடி மாட்டிக்கொள்வதில் என்ன தடை என்று விளங்கவில்லை.

மிதத்தலுக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையின் பின்னர் உதவியாக வந்த படகுகள் பலவற்றின் தரம் குறைவு என்பதை உலக உணவு விவசாய நிறுவனத்தின் வல்லுநர்களே அந்நாளிற் சுட்டிக்காட்டினர். படகு கட்டுபவன் முதலிற் கைவிடுவது கண்ணுக்குத் தெரியாத இடத்து நுரைப்பொருளையே. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த சிறு படகுகளைக் கட்டுவோர், நீர் நிரம்பினாலும் அவை மிதக்கும்படி மிதவைப்பொருள் வைத்தே விற்கவேண்டும் என்பது நெடுநாளைய விதி. நமக்கு வேண்டியது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். மாணவர்கள் ஆக்கிமிடிசின் தத்துவத்தை இதைவிட நல்ல இடத்திலே பயன்படுத்த முடியாது.

படகின் கண்ணாடியிழை உடல் 300 கிலோ என்று கொள்வோம். அதன் அடர்த்தி நீரிலும் ஒன்றரை மடங்கானபடியால், நீருள் அது 100 கிலோவாகக் கனக்கும். 40 கிலோ இயந்திரம் நீருள் ஏறத்தாழ 30 கிலோ. நங்கூரமும் பிற இரும்பும் 20 கிலோ. கழுத்தளவு நீரில் விளிம்பைப் பற்றிக்கொண்டிருக்கும் மனிதன் ஒருவன் படகின்மேற் சுமத்தும் பாரம் பத்துக் கிலோ அளவு, மூவருக்கு 30. ஆகமொத்தம் 180 கிலோ. ஒரு லீற்றர் காற்று ஒரு கிலோவைத் தாங்கும். ஆகவே, கொஞ்சம் மிச்சம் வைத்து, 200 லீற்றர் அடைபட்ட காற்று வேண்டும். வெறுமையான ஒன்றரை லீற்றர்ப் பானப் போத்தல்கள் 135 இதற்குப் போதும். திருவிழா ஒன்று முடிந்த மறுநாள் கோயில் வீதியிலே அவ்வளவும் இலவசமாகக் கிடக்கும்.

போத்தல்கள் ஏன்? நுரைக்கட்டி ஆகாதோ? ஆகும், ஆனால் எந்த நுரை என்பது பெரிய வினா. பெட்டிகளிலே வரும் வெண்ணிற ரெஜிபோம் மீது ஒரு துளி பெற்றோலை விட்டுப் பார்த்தால், சூடான கம்பி பட்டதுபோல் அது உருகிக் குழியாகும். அதை மூட நினைத்துப் படகு செய்யும் பிசினைப் பூசினாலும் அதே கதி. எண்ணெய் சிந்தும் படகிலே அதை நம்பமுடியாது. பொலியுரேத்தேன் நுரை எண்ணெய்க்கு ஈடுகொடுக்கும், விலையோ கூட. காற்றறைகள் என்று மூடிக் கட்டப்பட்ட அறைகள், ஒரு வெடிப்பு விழுந்தால் முழுவதும் நிரம்பிவிடும். நூறு போத்தல்களில் ஐந்து உடைந்தாலும் தொண்ணூற்றைந்து மிஞ்சும்.

எங்கே வைப்பது என்பதே நுட்பமான பகுதி. இடம் மிஞ்சியிருக்கின்றது என்று எல்லாவற்றையும் படகின் அடித்தளத்திலே அடைத்தால், நீர் நிரம்பிய படகு தலைகீழாகப் புரண்டுவிடும். மிதப்பது மேலே வரத் துடிக்கும் அல்லவா? ஆகவே மேல் விளிம்பின் கீழே இருபுறமும் நீளவாக்கிலும், ஆசனங்களின் கீழே மேலோடு ஒட்டியும் வைக்கவேண்டும். இயந்திரத்தின் பாரத்துக்கு ஈடாகப் பின்மூலைகள் இரண்டிலும் சற்றுக் கூடுதலாக வைக்கவேண்டும். பழைய வலைத்துண்டிலே பைகள் தைத்து, போத்தல்களை நெருக்கி அடைத்து, பல இடங்களிற் கட்டவேண்டும். 135 போத்தல் 200 கிலோ விசையோடு மேலெழும் என்பதை நினைவிற் கொண்டு கட்டு. சணற்கயிறு போதாது. வெயில் பிளாஸ்டிக்கை முறியச் செய்யுமாதலால் மேலே ஒரு பலகையோ தடித்த துணியோ மறைவாக இருப்பது நன்று. இடம் பிடிக்கின்றதே என்று சலிப்போர் உண்டு. உண்மைதான்; வலைக்குரிய இடத்திற் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

நீரை இறைப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். 12 அடி நீளமும் 3 அடி அகலமுமான தட்டையான அடியில் இரண்டங்குலம் நீர் நின்றால் அது 170 லீற்றர், அதாவது 170 கிலோ. அழைக்காமல் ஏறிய இரண்டு மூன்று பேர். அவர்கள் அமர்ந்தும் இருக்கமாட்டார்கள். படகு எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கமே ஓடுவார்கள். பழைய எண்ணெய்க் கலனைச் சரிவாக வெட்டி, பிடியைவிட்டு, கயிற்றில் கட்டிப் படகோடு வைத்தால் அதைவிட நல்ல இறைகூடை கடையில் இல்லை. விளக்கும் வேண்டும். 7 மீற்றருக்குக் குறைந்ததும் மணிக்கு 7 கடல்மைலுக்கு மேற் செல்லாததுமான படகு, எப்பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றைக் காட்டினாற் போதும் என்பது 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதி; அதனிலும் விரைவாகச் செல்லும் படகுக்குச் சிவப்பும் பச்சையும் வேண்டும். ஒரு சோடித் துடுப்பு எப்போதும் படகில் இருக்கட்டும்.

எல்லாம் பொருத்தியபின் ஒரு சோதனை உண்டு. சோளகம் அடங்கிய நாளொன்றில், நெஞ்சளவு நீருள்ள களப்பிலே படகைக் கொண்டுபோய் நிறுத்தி, இயந்திரத்தைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, அதே நிறையுள்ள கருங்கற்களைச் சாக்கிற் கட்டிப் பின்பலகையிலே தொங்கவிட வேண்டும். கல்லும் அலுமினியமும் நீருள் ஏறத்தாழ ஒரே அளவிலேயே நிறை குறைவதால் கணக்குப் பிழைக்காது. பின்னர் வாளியால் நீரை அள்ளிப் படகை விளிம்புவரை நிரப்பி, மூவர் ஒரே பக்கத்தைப் பற்றிக்கொண்டு தொங்கிப் பார்க்கவேண்டும். பின்புறம் தாழ்ந்து அணியம் மேலே நின்றால், முன்னேயுள்ள பைகளிற் சிலவற்றைப் பின்னே மாற்றவேண்டும். ஒரு பக்கம் புரளப் பார்த்தால், அடியிலுள்ளவற்றை விளிம்புக்கு ஏற்றவேண்டும். இரண்டு மூன்று முறை மாற்றிக் கட்டும்போது படகு தட்டையாக மிதக்கும் நிலை கைக்கு வந்துவிடும். பிறகு நீரை இறைத்து, போத்தல்களின் மூடிகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்து, வலைப்பைகளின் வாயைக் கட்டிவிட்டு, இயந்திரத்தை மறுபடி மாட்டலாம்.